பறப்பதற்கு எத்தனை பவுன்?

"அம்மா, எனக்கு இனிமேல் நகை ஒண்ணும் சேர்க்காண்டாம். அந்தப் பணத்தில் நான் விமானம் ஓட்டப் படிச்சுக்கிடுதேன்."

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் மகள் இந்தக் குண்டைப் போட்டாள். கத்தி விரலில் படாமல் தப்பியது நான் செய்த பாக்கியம்!

அவள் திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. படிக்கிறாள். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். முகாமுக்குப் போன இடத்தில், இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தில் ஏற்றி இருக்கிறார்கள். மேலே போனதும் ஒரே ஒரு நிமிஷம் கட்டுப்பாட்டுக் கம்பியைப் பிடிக்கவும் கொடுத்தாராம் ஆசிரியர். அந்த ஒரு நிமிஷம் போதாதா!

"உத்தியோகத்துக்கா மக்ளே?" என்று கேட்டேன்.

"இல்லேம்மா. வேலைக்கு நான் டீச்சராத்தான் போவேன். விமானக் கம்பெனி வேலைன்னா அதுக்கு வேற லைசென்ஸ், அரைக்கோடிக்குப் பக்கத்தில் ஆகும். நான் கேக்கது சொந்த ஆசைக்கு, லீவு நாளில் பறக்கதுக்கு."

உள்ளேயிருந்து என் மாமியார் குரல் கொடுத்தார்: "ஆசைக்குப் பாட்டு படிக்கலாம், தையல் படிக்கலாம். ஆகாசத்தில் பறக்கதெல்லாம் ஒரு ஆசையாட்டீ?"

எனக்கும் கோபம்தான். பெண் பிறந்தால் அன்றைக்கே பவுன் கணக்கு ஆரம்பித்துவிடும் ஊர் எங்கள் நாஞ்சில் நாடு. நெல் விற்ற பணம், சீட்டுப் பணம், பசுவின் பால் பணம் என்று சிறுகச் சிறுகச் சேர்த்து இருபத்தெட்டுப் பவுன் வரை கொண்டுவந்திருக்கிறேன். இவள் அதை நிறுத்திவிட்டுப் பறக்கப் போகிறாளாமே!

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எனக்குப் பதிமூன்று வயதில் ஒரு சைக்கிள் ஆசை இருந்தது ஞாபகம் வந்தது. "பெண்பிள்ளைக்கு என்னத்துக்குச் சைக்கிள்?" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். விலை என்ன என்றுகூட யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் நாகர்கோவிலுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவள்தான் நான்.

காலையில் எழுந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். 'வேண்டாம்' என்று சொல்வதாக இருந்தாலும், கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்வோம். அதற்குப் பிறகு மூன்று மாதம் விசாரித்ததையும் படித்ததையும்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன், சகோதரிகளே.

ராஜா வீட்டு விளையாட்டா?

விமானம் ஓட்டுவது என்றாலே ராஜாக்கள், கோடீசுவரர்கள் விஷயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆரம்பம் அப்படித்தான். 1929-ல் இந்தியாவிலேயே முதல் உரிமத்தைப் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா. எங்கள் பூதப்பாண்டி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1932-ல் திருவனந்தபுரத்தில் விமான நிலையம் வந்தது. பறக்கும் கழகத்தோடு சேர்ந்து வந்த விமான நிலையம் அது. 1935 நவம்பர் 1-ம் தேதி அங்கிருந்து டாட்டா கம்பெனியின் சிறு விமானம் தபால் மூட்டையோடு பம்பாய்க்குக் கிளம்பியது. அந்தக் காலத்தில் சாமானியர்கள் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டதோடு சரி.

ஆனால் 'கழகம்' என்ற அந்தச் சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. 1928-29-லேயே டில்லி, பம்பாய், கல்கத்தா போன்ற ஊர்களில் பறக்கும் கழகங்கள் தொடங்கின. சென்னையிலும் ஒன்று வந்தது. விமானம் கழகத்துக்குச் சொந்தம். உறுப்பினர்கள் பறக்கும் நேரத்துக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். நம் பிள்ளைகள் ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டினார்களே, அதே ஏற்பாடுதான்!

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் இந்தக் கழகங்களுக்கு மானியம் கொடுத்தது. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் கழகங்களுக்கென்றே 'புஷ்பக்' என்று ஒரு இருவர் விமானம் தயாரித்தார்கள். அது முதலில் பறந்தது 1958-ல். அதன் இறக்கை எதனால் மூடப்பட்டது தெரியுமா? துணியால்! துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஒருவகை வார்னிஷ் பூசி விறைப்பாக்குவார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புஷ்பக்குகள் நாடெங்கும் பறந்தன. மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதில் ஏறித்தான் ஆகாயத்தைத் தொட்டார்கள்.

சேலை கட்டிய விமானிகள்

"அதெல்லாம் ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு" என்றார் மாமியார். அவருக்கு இரண்டு கதை சொன்னேன்.

ஒன்று, சரளா தக்ரால் கதை. 1936-ல், இருபத்தொரு வயதில், லாகூரில் 'ஜிப்ஸி மாத்' விமானத்தைத் தன்னந்தனியாக ஓட்டியவர். உடுத்தியிருந்தது சேலை, வீட்டில் நாலு வயது மகள்! கணவர் விமானி. பறக்கும் கழகத்தில் இவரைச் சேர்த்துவிடுவதில் அதிக உற்சாகம் காட்டியது மாமனாராம். பிறகு கணவர் விபத்தில் இறந்தார்; யுத்தம் வந்து பயிற்சியும் நின்றது. அவர் இடிந்து உட்கார்ந்துவிடவில்லை. ஓவியம், நகை வடிவமைப்பு, சேலை அச்சு என்று கைத்தொழிலில் இறங்கிப் பேர் வாங்கினார்.

இன்னொன்று நம் பக்கத்துக் கதை. சென்னைப் பறக்கும் கழகத்தில் பயிற்சி ஆசிரியராக இருந்தவர் வி. சுந்தரம். அவருடைய மனைவி உஷா சுந்தரம் கல்யாணத்துக்குப் பிறகுதான் விமானம் ஓட்டவே கற்றார். பெங்களூர் ஜக்கூரில் அரசாங்கப் பயிற்சிப் பள்ளியில் தேர்ச்சி பெற்றார். 1950-ல் கணவரோடு லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஒரு 'டவ்' விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு வந்து சாதனை செய்தார்.

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மாமனாருக்கு நல்ல மனசாக்கும்" என்றார். அவ்வளவுதான்.

அடுக்களைக் கணக்கு

இனி பணத்துக்கு வருவோம். மகளையே நோட்டும் பேனாவும் எடுத்துவரச் சொன்னேன்.

சொந்த விருப்பத்துக்குப் பறக்கிறவர்கள் வாங்குவது தனியார் விமானி உரிமம். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். பதினாறு வயதில் பயிலும் உரிமம், பதினேழு வயதில் முழு உரிமம். வான்சட்டம், வானிலை, வழி கண்டுபிடித்தல், விமானத்தின் பாகங்கள் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வு உண்டு. வானொலியில் பேசுவதற்குத் தனித் தேர்வு. படிப்பை வீட்டிலிருந்தே படிக்கலாம், புத்தகச் செலவுதான்.

செலவு எங்கே இருக்கிறது? பறக்கும் மணிகளில். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நாங்கள் விசாரித்த இடங்களில் மணிக்குப் பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை சொன்னார்கள். அதற்கு மேலும் கேட்ட இடம் உண்டு. பதினைந்தாயிரம் என்றே வைத்தால் ஆறு லட்சம். தங்கும் செலவு, சாப்பாடு, மருத்துவச் சான்று, தேர்வுக் கட்டணம் தனி. பலருக்கு நாற்பது மணி போதாமல் ஐம்பதும் ஆகுமாம்.

ஏன் இவ்வளவு? சிறு விமானம் மணிக்கு இருபது, இருபத்தைந்து லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அது நம் ஸ்கூட்டர் பெட்ரோல் அல்ல, விலை கூடிய விமான பெட்ரோல். ஆசிரியர் சம்பளம், காப்பீடு, நிறுத்துமிட வாடகை எல்லாம் உண்டு. இரண்டாயிரம் மணி நேரம் ஓடினால் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவை ஒவ்வொரு மணியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

ஆறு லட்சத்தைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "நம்ம சொந்தத்தில் போன மாசம் நடந்த கல்யாணத்தில் பந்தலுக்கும் பந்திக்கும் எவ்வளவு ஆச்சுன்னு நினைக்கே?" எனக்குப் பதில் வரவில்லை. ஒரு நாளில் வாழை இலையோடு போன பணம் அதைவிட அதிகம்!

சிக்கனம் தெரிந்தவர்கள் செய்வது என்ன?

விசாரித்ததில் கிடைத்த யோசனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, முழுப் பணத்தையும் சேர்த்த பிறகே தொடங்க வேண்டும். மாதம் ஒரு மணி, இரண்டு மணி என்று இழுத்தடித்தால் போன தடவை கற்றது கைவிட்டுப் போகும். திரும்ப முதலிலிருந்து கற்க வேண்டும், அதற்கும் காசு. பாதியில் பணம் தீர்ந்து நிறுத்தியவர்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். தையல் பாதி போட்ட ரவிக்கையை வருஷம் கழித்து எடுத்தால் அளவே மாறியிருக்குமே, அதுபோல!

இரண்டாவது, இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதுமே பல இடங்களில் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். பெரிய விமானங்கள் வந்துபோகும் நிலையத்தில், நம் முறை வரும்வரை தரையில் காத்துக்கிடக்கும் நேரமும் காசுதான். சின்ன விமானத்தளமே மேல்.

மூன்றாவது, காசில்லாத வாசல் ஒன்று இருக்கிறது: என்.சி.சி. விமானப் பிரிவு. பெண்களும் சேரலாம். தேர்ந்தெடுக்கப்படும் மாணவ மாணவிகளை அரசாங்கச் செலவிலேயே சிறு விமானத்தில் ஏற்றிப் பழக்குகிறார்கள். உரிமம் வரை போகாவிட்டாலும், ஆசை நிஜமா, வெறும் மயக்கமா என்பது ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துவிடும்.

நாலாவது, எஞ்சினே இல்லாத விமானம்! கிளைடர் என்பார்கள். நீண்ட கம்பிவடத்தைத் தரையில் உள்ள இயந்திரம் சுற்றி இழுக்க, காற்றாடி போல மேலே ஏறும். பிறகு வடம் கழன்றுவிடும். வெயிலில் சூடாகி மேலெழும் காற்றைத் தேடிப்பிடித்து வட்டமடிக்கும். எங்கள் தாடகை மலைக்கு மேல் பருந்து சிறகை அசைக்காமல் சுற்றுகிறதே, அதே வித்தைதான். பெட்ரோல் செலவு மிகக் குறைவு என்பதால் கட்டணமும் குறைவு. இந்தியாவில் இதற்குப் பேர்பெற்றது புனே ஹடப்சர் மையம்.

சும்மா ஒரு தடவை பறந்து பார்த்தால் போதும் என்கிறவர்களுக்கு இமாசலப் பிரதேசத்தில் பீர்-பில்லிங் இருக்கிறது. பயிற்சி பெற்ற விமானியோடு சேர்த்துக் கட்டி, துணிச்சிறகில் மலையிலிருந்து இறக்குவார்கள். சில ஆயிரம் ரூபாய்தான். அனுமதி பெற்ற விமானியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டுச் சேர்ந்தால் கோடி நன்மை

மேல்நாடுகளில் தபால்காரர், பள்ளி ஆசிரியை, மெக்கானிக் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பறக்கிறார்களே, எப்படி? பத்துப் பேர் சேர்ந்து ஒரு பழைய விமானம் வாங்குகிறார்கள். பராமரிப்பைப் பத்தாகப் பங்கிடுகிறார்கள். உடன் வருகிறவர்களோடு பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்ள அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. கூட்டுக் கிணறு வெட்டித் தண்ணீர் முறை வைத்துக்கொண்ட நமக்கு இது புதிதா?

சொந்தமாகச் செய்துகொள்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1953-ல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். உதிரி பாகங்களாக வாங்கி வீட்டுக் கொட்டகையில் கோத்துப் பறக்கவிட்ட விமானங்களில் ஒரே ஒரு கம்பெனியுடையது மட்டும் பத்தாயிரத்துக்கு மேல்! ஆலப்புழைக்காரரான அசோக் தாமரக்ஷன் இங்கிலாந்தில் எஞ்சினீயர். முதலில் இருவர் விமானத்தை வாடகைக்கு எடுத்துத்தான் பறந்தார். கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைந்துகிடந்தபோது பணம் சேர்த்து, தென்னாப்பிரிக்காவிலிருந்து பாகங்களை வரவழைத்து, பதினெட்டு மாதத்தில் நாலு பேர் விமானத்தைக் கட்டிவிட்டார். இளைய மகள் தியாவின் பெயரையே அதற்கு வைத்து, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றிய செய்தி 2022-ல் வந்தது. செலவு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பவுண்டு. அது நமக்கு எட்டாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொருவர் இருக்கிறார். இடுக்கி மாவட்டத்து சஜி தாமஸ். காது கேளாது, பேச்சு வராது. படிப்பு ஏழாம் வகுப்பு. சின்ன வயதில் ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்து ஏற்பட்ட ஆசை. மின்சாதனம் பழுதுபார்த்தும் போட்டோ எடுத்தும் சம்பாதித்ததில் பல வருஷம் போராடி இருவர் விமானம் ஒன்றைச் செய்தார். சுமார் பதினாலு லட்சம் ஆனதாம். அதை ஓட்டிப் பார்த்தது எங்கே தெரியுமா? எங்கள் மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற மணிமுத்தாறில்! 2014-ல், ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர் அதை ஓட்டிக் காட்டினார்.

இதைப் படித்து யாரும் கொல்லைப்புறத்தில் விமானம் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். முறையான அனுமதி இல்லாமல் பறப்பது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து. ஆசையை மதித்து வருஷக்கணக்காகக் காத்திருந்தாரே, அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

உடம்பைக் கவனிக்க வேண்டாமா?

பறப்பதற்கு மருத்துவச் சான்று கட்டாயம். கண், காது, இருதயம், ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதிப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை. போட்டுக்கொண்டு சரியாகத் தெரிந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறியத் தெரிய வேண்டும்.

எதற்கும் முன்கூட்டியே பார்த்துவிடுவோம் என்று நாகர்கோவிலில் ரத்தம் சோதித்தோம். மகளுக்கு ஹீமோகுளோபின் பத்துக்கும் கீழே! பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். விடுதிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிற பெண் அவள். களைப்பாக இருக்கிறது என்று அடிக்கடி சொல்லுவாள். படிப்புக் களைப்பு என்று விட்டுவிட்டேன். மேலே போகப் போகக் காற்றில் பிராணவாயு குறையும். ரத்தத்திலும் சத்துக் குறைந்தால் தலைசுற்றலில் கொண்டுபோய் விடும். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையோடு எலுமிச்சைச் சாறு குடிக்கலாம். டீ, காபி மட்டும் கூடவே கூடாது என்றார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம் என்று நானும் விடவில்லை. மூன்று மாதத்தில் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. விமானப் பேச்சு வராமல் இருந்திருந்தால் அந்த ரத்தசோகை தெரிந்தே இருக்காது.

இன்னொரு விஷயம். ஜலதோஷத்தோடு பறக்கக்கூடாது. மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் அடைத்துக்கொண்டால், இறங்கும்போது காது கடுமையாக வலிக்கும். கைக்குழந்தையோடு விமானத்தில் போகும் தாய்மார்கள், விமானம் இறங்கும் நேரத்தில் குழந்தைக்குப் பால் கொடுங்கள். விழுங்கும்போது அந்தக் குழாய் திறந்து காது அடைப்பு நீங்கும்.

பயம்

பயம் இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. சின்ன விமானங்களுக்கு விபத்து நேரத்தான் செய்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் தென்னை மரம் வளைவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். காற்றின் பலம் எனக்குத் தெரியும். ஒரு நாள் மனசு தாங்காமல் மகளிடமே கேட்டேன்.

"அம்மா, எங்க சாருதான் சொன்னார். இந்த வித்தையில் முதல் பாடம், 'இன்னைக்கு வேண்டாம்'னு சொல்லப் படிக்கது. மேகம் சரியில்லையா, உடம்பு சரியில்லையா, திரும்பி வந்திரணும். வெட்கப்படக்கூடாது" என்றாள்.

அவசரக்காரி என்று நான் நினைத்திருந்த பெண் வாயில் இந்த வார்த்தை! எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

எங்கள் வீட்டுத் தீர்மானம்

இதுவரை சேர்த்த இருபத்தெட்டுப் பவுன் அப்படியே இருக்கும். அதை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. இனிப் புதிதாகப் பவுன் சேர்ப்பதில்லை. மாதம் பன்னிரண்டாயிரம் வீதம் ஐம்பது மாதம் போட்டால் ஆறு லட்சம். முதலில் நாங்கள் போடுவோம். வேலைக்குப் போனதும் பாதியை அவள் போட வேண்டும். கடன் வாங்குவதில்லை. ஐம்பது மாதத்துக்குப் பிறகும் ஆசை இருந்தால் பறக்கட்டும். ஆசை மாறிவிட்டால் பணம் எங்கே போகப்போகிறது? அவள் பேரில்தான் இருக்கும்.

"லைசென்ஸ் கிடைச்சதும் வாசல்ல விமானம் வந்து நிக்காது, மக்ளே. அதுக்கப்புறமும் ஒவ்வொரு மணிக்கும் காசு" என்றேன்.

"தெரியும்மா. வருஷத்துக்கு நாலு மணி பறந்தாலும் எனக்குப் போதும்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூதலிங்கசாமி கோவிலுக்குப் போய்விட்டு வந்து தபாலாபீஸில் முதல் தவணையைக் கட்டினோம். அன்று ராத்திரி மாமியார் பேத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்: "ஏட்டீ, அந்த லைசென்ஸ் இருந்தா ஆளை ஏத்தலாமா?"

"ஏத்தலாம் ஆச்சி. ஆனா கூலி வாங்கக்கூடாது."

"அப்போ கொள்ளாம். நாலு வருஷம் நான் இருப்பேன். நீ நல்லாச் சாப்பிடு."

உங்கள் வீட்டிலும் பிள்ளை ஏதாவது விபரீதமான ஆசையைச் சொல்லலாம். விமானமாக இருக்க வேண்டும் என்பதில்லை. உடனே 'வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள், சகோதரிகளே. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். முடியாது என்றே விடை வந்தாலும், ஏன் முடியாது என்பது அதற்குத் தெரிந்திருக்கும். எனக்கு அந்தச் சைக்கிளின் விலை இன்றுவரை தெரியாது.